அவர்கள் சமூகத்திற்கு

பழைய சென்னை மாகாணத்து அரசு ஆவணங்களைப் புரட்டியவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அச்சான பக்கங்களில் இந்துப் பெயர்களுக்கு முன்னால் எம்.ஆர்.ஆர்.ஒய். என்று நான்கு எழுத்துகள் நிற்கும். பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ என்ற நம் சொல் அப்படியே ஆங்கில எழுத்தில் வரும். முன்னால் நிற்பது ‘மகாராஜ ராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கம். தமிழில் அதையே ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்று இன்னும் சுருக்கிக் கல்யாணப் பத்திரிகையிலும் கடித உறையிலும் போட்டார்கள். தாசில்தார் மகாராஜா, வக்கீல் மகாராஜா, பென்ஷன் வாங்கும் ஹெட் கிளார்க்கும் மகாராஜா. மாகாணம் முழுவதும் மகாராஜாக்கள் இப்படி மலிந்துபோனபின் உண்மையான பெரிய மனிதரை வேறுபடுத்திக் காட்ட மேலே இன்னொரு மாடி கட்ட வேண்டியிருந்தது.

அந்த மாடியைக் கட்டும் உரிமத்தை வெள்ளையரசு தன் கையில் வைத்துக்கொண்டது. ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர், எல்லாவற்றுக்கும் மேலே ‘சர்’. முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர் என்று தனிப் படிக்கட்டு. ஆங்கிலப் புத்தாண்டிலும் மன்னரின் பிறந்தநாளிலும் பட்டியல் வரும். மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருப்பார்கள். கலெக்டருக்கு விருந்து வைப்பது, யுத்த நிதிக்குப் பணம் திரட்டுவது, கவர்னர் பெயரில் ஆஸ்பத்திரி கட்டுவது எல்லாம் அந்தப் படிக்கட்டின் படிகள். அரசுக்குக் காலணாச் செலவில்லாமல் விசுவாசத்தை விலைக்கு வாங்கிய ஏற்பாடு இது. சம்பளம் கொடுத்து வைத்த ஆளைவிடப் பட்டம் கொடுத்து வைத்த ஆள் மலிவு. பட்டம் வாங்கியவருக்கும் அது வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. கச்சேரியில் நாற்காலி கிடைத்தது, ஜில்லா போர்டில் பேச்சு எடுபட்டது, பெண்ணுக்கு வரன் அமைந்தது.

இந்தப் படிக்கட்டிலிருந்து தானாக இறங்கிய முதல் பெரிய மனிதர்களில் ஒருவர் தமிழர். மதுரையில் பிறந்து சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகித் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றுதான் ஊர் அழைத்தது. ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக இருந்த அவர், அன்னிபெசன்ட் காவலில் வைக்கப்பட்ட 1917-இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இந்தியாவில் நடக்கும் ஆட்சி எப்படிப்பட்டது என்று சொல்லும் கடிதம். மறு ஆண்டு லண்டனில் இந்தியா மந்திரி அதைக் கண்டித்தபோது, எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்த மணி ஐயர் ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஜாலியன்வாலா பாகுக்குப் பின், 1919 மே மாதக் கடைசியில், தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறக்க விரும்பி வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தை நாடு நினைவில் வைத்திருக்கிறது. மணி ஐயரை நாம்கூட மறந்துவிட்டோம்.

1920-இல் காந்தி தம் கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். ஒத்துழையாமைத் திட்டத்தின் முதல் அம்சமே பட்டங்களைத் துறப்பதுதான். சிறைக்குப் போக வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பட்டத்தைத் துறக்க வந்தவர்கள் மிகச் சிலர். உடம்பை விடுவது சுலபம், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதை விடுவது கடினம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சுதந்திர இந்தியா இந்தக் கணக்கை அரசியல் சட்டத்திலேயே தீர்க்கப் பார்த்தது. சமத்துவத்தைப் பற்றிய பிரிவுகள் 14-இல் தொடங்கி 18-இல் முடிகின்றன. அவற்றில் 17 தீண்டாமையை ஒழிக்கிறது. 18 பட்டங்களை ஒழிக்கிறது. பிறப்பால் வரும் தாழ்வையும் அரசு தரும் உயர்வையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒழித்திருக்கிறார்கள். ஒருவனை மேலே தூக்கி வைக்க இன்னொருவன் கீழே இருந்தாக வேண்டும் என்பது அரசியல் நிர்ணய சபைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தீண்டாமையைக் கடைப்பிடிப்பது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்று 17 தெளிவாகச் சொல்கிறது. 1955-இல் அதற்கான சட்டமும் வந்தது. 18-இல் தண்டனை என்ற பேச்சே இல்லை. பட்டம் ஏற்காமல் இருப்பது உரிமை ஆகாது, குடிமகனாகத் தொடர்வதற்கான நிபந்தனை அது என்று அம்பேத்கர் சபையில் விளக்கினார். மீறுகிறவரை என்ன செய்வது என்பதை நாடாளுமன்றம் பின்னால் சட்டம் இயற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

18-ஆம் பிரிவில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கிறது. ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் தடையில் சேராது என்ற திருத்தத்தை 1948-இல் கொண்டுவந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஒரு கர்னலைக் கர்னல் என்று அழைக்கவும் ஒரு முனைவரை டாக்டர் என்று அழைக்கவும் தடை இருக்கக்கூடாது என்பது நியாயந்தானே. ஆனால் தம் சொந்த மாநிலம் இந்த ஜன்னலை எவ்வளவு அகலமாக்கப் போகிறது என்று டி.டி.கே. எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஆட்சியில் இருப்பவருக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பது இங்கே கட்சி வேறுபாடில்லாத வழக்கமாயிற்று. பல்கலைக்கழகத்துக்கு நிதி ஒதுக்குவது யார், துணைவேந்தர் நியமனத்தில் யார் சொல் எடுபடுகிறது என்று பார்த்தால் போதும், பட்டம் போகும் திசை விளங்கிவிடும். பிறகு பல்கலைக்கழகமும் தேவைப்படாமல் போயிற்று. 2023-இல் சென்னையில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே விழா வைத்து ‘கௌரவ டாக்டர்’ பட்டங்களை விநியோகித்தது. பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று பின்னர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

முன்வாசலை அடைத்த குடியரசு, நான்கே ஆண்டுகளில் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்தது. 1954 ஜனவரி 2-ஆம் தேதி பாரத ரத்னா விருது நிறுவப்பட்டது. அதே நாளில் வந்த பத்ம விபூஷண் முதலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில் பெட்டியைப் போல மூன்று வகுப்புகளுடன் இருந்தது. மறு ஆண்டே அதைப் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்று மாற்றினார்கள். முதல் பாரத ரத்னாக்கள் மூவர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவரும் சென்னை மாகாணத்துக்காரர்கள். ராமன் ஏற்கெனவே வெள்ளையரிடம் ‘சர்’ வாங்கியவர்.

விருதுக்கும் பட்டத்துக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஆசார்ய கிருபளானி. விருதுகளை ஒழிக்க வேண்டுமென்று 1969-இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், தோற்றது. 1977-இல் மொரார்ஜி தேசாய் அரசு விருதுகளை நிறுத்தியது. 1980-இல் இந்திரா காந்தி திரும்ப வந்தார்; விருதுகளும் திரும்ப வந்தன. 1991-இல் அதே மொரார்ஜிக்குப் பாரத ரத்னா கொடுக்கப்பட்டது, அவர் அதை ஏற்றுக்கொண்டார். இதில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: இவை பட்டங்கள் ஆகமாட்டா, ஆகவே 18-ஆம் பிரிவுக்கு முரண் இல்லை. ஆனால் பெற்றவர் இதைத் தம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது; போட்டால் விருதைத் திரும்பப் பெறும் நடைமுறை உண்டு. ஒரே சொல் சட்டகத்துக்குள் தொங்கினால் விருது, பெயர்ப்பலகையில் ஏறினால் பட்டம். நுட்பமான தீர்ப்பு, நல்ல தீர்ப்பும்கூட. நம் ஊர்ச் சினிமா விளம்பரங்களையும் கட்சி மாநாட்டுத் தட்டிகளையும் பார்த்தவர்கள் அது எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது என்று அறிவார்கள். அரசே பின்தங்கவில்லை. 2017-இல் தமிழகம் முழுவதும் மாவட்டந்தோறும் நடந்த நூற்றாண்டு விழாவின் பெயரில் ‘பாரத ரத்னா’, ‘புரட்சித் தலைவர்’, ‘டாக்டர்’ மூன்றும் வரிசையாக எம்.ஜி.ஆருக்கு முன்னால் நின்றன. 2019 முதல் சென்ட்ரலின் அதிகாரபூர்வமான பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம். தொண்டர்கள் அன்பாக வைத்த பெயர் அரசிதழில் ஏறி, ரயில்வே அட்டவணைக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆட்டோக்காரர் இன்னும் சென்ட்ரல் என்றுதான் கேட்கிறார்.

தொண்டர் வைக்கும் பெயரை நாம் குறை சொல்லவில்லை. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பெயரை 1938-இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு கொடுத்தது. அதற்கு எந்த அரசின் முத்திரையும் இல்லை, தேவைப்படவும் இல்லை. கலைஞர், மூதறிஞர், பெருந்தலைவர், பேரறிஞர் என்று நாம் நம் தலைவர்களை அழைப்பது நம் பாடு. எந்தச் சட்டமும் அதற்குள் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அரசாங்கத்தின் காகிதத்திலும் செலவிலும் அது ஏறும்போதுதான் கேள்வி எழுகிறது.

பழைய அரசுகள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தன என்று சில நேரம் தோன்றும். ஏனாதிப் பட்டம் மோதிரத்தோடும், எட்டி, காவிதிப் பட்டங்கள் பொற்பூவோடும் வந்தன. சோழர் காலத்து அதிகாரியின் பட்டத்திலேயே அரசனின் பெயர் கலந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய சேனாபதி கிருஷ்ணன் ராமனுக்கு மும்முடிச்சோழ பிரமமாராயன் என்று பட்டம். மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனின் பெயர். அந்தக் கோயிலின் காரியத்தைப் பார்த்த ஆதித்தன் சூரியனுக்குத் தென்னவன் மூவேந்த வேளான் என்று பட்டம். தென்னவன் என்பதோ தோற்ற பாண்டியனைக் குறிக்கும் சொல். யாருடைய தயவில் இந்தப் பெயர் வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடும். சின்னங்களும் அப்படித்தான். சோழரின் செப்பேட்டு முத்திரையில் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் பொறிக்கப்பட்டிருக்கும். வென்றவன் தோற்றவனின் சின்னத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

சின்னத்தைத் தொட்டவனுக்குத் தண்டனையும் உண்டு. மோசிகீரனார் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். வெறுமையாகக் கிடந்த முரசு கட்டில் என்று தெரியாமல் அசதியில் வந்த புலவர் படுத்துத் தூங்கிவிட்டார். வாளால் வெட்டியிருக்க வேண்டிய குற்றம். அரசன் விசிறி எடுத்து வீசினான். இதை நாம் வழக்கமாகப் புலவர்க்குச் செய்த மரியாதையாகப் படிக்கிறோம். கொஞ்சம் மாற்றியும் படிக்கலாம். முரசு இல்லாத நேரத்தில் கட்டில் வெறும் கட்டில்தான் என்று அந்த அரசனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய முரசு கட்டில் சாரநாத்தின் சிங்கத்தூண். மண்ணுக்கடியில் கிடந்த அசோகரின் தூண்தலையை 1904–05 அகழ்வில் எடுத்தார்கள். 1950 ஜனவரி 26-ஆம் தேதி அது நாட்டின் சின்னமாயிற்று. நான்கு சிங்கங்களில் மூன்றுதான் சித்திரத்தில் தெரியும். நான்காவது பின்னால் மறைந்து நிற்கிறது. அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியில் அதை வரைந்தது நந்தலால் போஸின் மாணவர் தீனாநாத் பார்கவா. உயிருள்ள சிங்கத்தைப் பார்த்து வரைவதற்காகக் கல்கத்தா விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய்வந்தார்.

இந்தச் சின்னத்தை யார் எங்கே பயன்படுத்தலாம் என்று தனிச் சட்டம் வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறாகப் பயன்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2007-இல் வந்த விதிகள் அதைவிடச் சுவையானவை. ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, ஆளுநர் போன்றோரின் காரில் சிங்கச் சின்னம் இருக்கலாம். பிரதமர் உட்பட அமைச்சர்களுக்கும் உச்சநீதிமன்ற, உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கும் முக்கோணத் தகட்டில் அசோகச் சக்கரம் மட்டும். பதவியில் இருக்கும் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் கடிதத்தாளில் சின்னத்தைப் போடலாம். முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., முன்னாள் எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற அதிகாரி ஆகியோருக்குப் பயன்படுத்த உரிமை இல்லை என்று பத்தாவது விதி பெயர் சொல்லியே விலக்குகிறது.

பட்டங்களையும் சின்னங்களையும் பற்றி இந்த நாடு எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் இந்தப் பத்தாவது விதிதான் நமக்கு மிகவும் பிடித்தது. சின்னம் நாற்காலிக்கு உரியது, எழுந்து போகிறவர் கையோடு எடுத்துப்போக முடியாது என்பதை அது பூசி மெழுகாமல் சொல்கிறது. மீறப்படுவதும் இதுவே அதிகம். ‘முன்னாள்’ என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சடித்து, சிங்கத்தைக் கட்டைவிரல் அளவுக்குத் தங்க நிறத்தில் பதித்த விசிட்டிங் கார்டுகளை நாம் எல்லோரும் வாங்கிப் பையில் போட்டிருக்கிறோம். கொடுப்பவர் கூச்சப்படுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. ஒரு முறை ஒரு திருமண வரவேற்பில் எனக்குக் கிடைத்த அட்டையில், பதவி போய்ப் பதினைந்து ஆண்டு ஆனவர் பெயருக்கு மேல் சிங்கம் பளபளவென்று நின்றது. சட்டம் இருக்கிறதே ஐயா என்றேன். “பழைய ஸ்டாக் தம்பி, தீரட்டும்” என்றார்.

கொடியின் கதை இதைவிட நீளம், சுவாரசியமும் அதிகம். 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள் காரில் தேசியக் கொடி பறக்கவிடும் உரிமையை ஒரு சிறு பட்டியலுக்குள் அடக்கியிருக்கின்றன: ஜனாதிபதி, ஆளுநர்கள், பிரதமர், அமைச்சர்கள், முதலமைச்சர்கள், சபாநாயகர்கள், உயர்நீதிமன்ற நீதிபதிகள் வரை. ஆனால் வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் கொடி ஏற்றும் உரிமை குடிமகனுக்கு வந்தது ஒரு வழக்கால். சத்தீஸ்கரின் ராய்கரில் தம் ஆலையில் கொடி ஏற்றியதற்குத் தடை சொன்ன அதிகாரிகளை எதிர்த்து நவீன் ஜிண்டால் நீதிமன்றம் போனார். மதிப்போடு ஏற்றுவது கருத்துரிமையின் பகுதி என்று 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2002 விதிகள் வரும்வரை ஒரு சாதாரண இந்தியன் தன் கொடியைத் தன் வீட்டில் வருடம் முழுவதும் பறக்கவிட முடியாமல் இருந்தான் என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பவே மாட்டார்கள்.

முதலமைச்சர்களின் நிலையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1974-க்கு முன்புவரை சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் மாநிலத் தலைநகரில் கொடியேற்றியவர் ஆளுநர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் கீழே நின்று வணக்கம் வைத்தார். டெல்லி நியமித்தவர் கயிற்றை இழுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக்குத் தனிக் கொடி வேண்டுமென்று கருணாநிதி ஒரு வரைவைக் காட்டி, நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, அது நின்றுபோயிருந்தது. அடுத்து அவர் கேட்டது வேறு. புதிய கொடி வேண்டாம். இருக்கிற கொடியை ஏற்றும் உரிமையைக் கொடுங்கள். இந்திரா காந்தி அரசு இதற்குச் சம்மதித்தது. குடியரசு தினத்தில் ஆளுநர், சுதந்திர தினத்தில் முதலமைச்சர் என்று பிரித்தார்கள். 1974 ஆகஸ்ட் 15-ஆம் தேதி புனித ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி கொடியேற்றினார்; அன்று முதல் எல்லா மாநில முதல்வர்களும் ஏற்றுகிறார்கள். இந்தியச் சின்னங்களின் ஒழுங்குமுறையில் தமிழ்நாடு நாட்டுக்குக் கொடுத்த திருத்தம் இது. கேட்டவரும் கொடுத்தவரும் பிற்பாடு எப்படி மோதிக்கொண்டார்கள் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், கொடி யாருடைய பெயரில் ஏறுகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு சுத்தமான விடை அபூர்வம்.

இதே சட்டங்கள் கோமாளித்தனமாக மாறுவதும் உண்டு. 2013 கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரில் ஒரு விழாவில் இந்திய வரைபடமும் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் போட்ட ஆறடிக்கு ஐந்தடிக் கேக்கை வெட்டி விருந்தினர்களுக்குக் கொடுத்தார்கள். தேசியக் கொடியை அவமதித்த வழக்கு ஏழு ஆண்டு ஓடி, 2021 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. கேக் வெட்டுவது அவமதிப்பு ஆகாது, சாப்பிட்டவர்கள் பெருமைப்பட்டிருப்பார்களே தவிர வேறில்லை என்ற ரீதியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கேக்கைத் துரத்திக்கொண்டு ஏழு ஆண்டு ஓடிய அரசு இயந்திரத்துக்கு, தங்க நிறச் சிங்கம் பதித்த விசிட்டிங் கார்டு ஒன்று மட்டும் கண்ணில் படவே இல்லை.

தேசியச் சின்னம் தலைவர்களின் கையில் போவதைப் போலவே தலைவர்களின் சின்னம் அரசின் சுவரில் ஏறுவதும் நடக்கிறது. தமிழகத்தில் இந்தக் கலை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2013-இல் சென்னையில் ஓடத் தொடங்கிய சிற்றுந்துகளின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரையப்பட்டிருந்தன. அவை வெறும் இலைகள், இயற்கையைக் குறிப்பவை என்று அரசு சொன்னது. 2014 மக்களவைத் தேர்தலின்போது அந்த இலைகளை மூடும்படி தேர்தல் ஆணையம் சொல்லவேண்டியிருந்தது. அரசு விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி ஆகிய மூவரின் படம் மட்டுமே இருக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2015 மே மாதம் சொன்னது. தமிழகம் உட்படப் பல மாநிலங்கள் மறுசீராய்வு கேட்டன. பத்தே மாதத்தில் முதலமைச்சரும் ஆளுநரும் அமைச்சர்களும் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். 2025 ஜூலை 31-ஆம் தேதி, உயிரோடிருப்பவரின் பெயரை அரசுத் திட்டத்துக்கு வைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டத்தை எதிர்த்து அ.தி.மு.க. எம்.பி. ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஒரே வாரத்தில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதோடு, வழக்குத் தொடுத்தவருக்குப் பத்து லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. எல்லாக் கட்சிகளும் செய்கிற ஒன்றை ஒரு கட்சியின் திட்டத்தில் மட்டும் குறைசொல்லி வருவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ‘அம்மா உணவகம்’ என்ற பெயர்ப்பலகைகளை வைத்த கட்சியிலிருந்து இந்த வழக்கு வந்தபோது வேறு எந்த முடிவை எதிர்பார்க்க முடியும்? ஆனால் எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணமே தவிர, அது சரி என்பதற்குக் காரணம் ஆகாது. வரிப்பணத்தில் நடக்கும் திட்டத்துக்கு முதலமைச்சரின் பெயர், எந்தக் கட்சி வைத்தாலும், பத்தாவது விதியின் மனசாட்சிக்கு எதிரானது.

அழைக்கும் முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காங்கிரஸ் காலத்தில் மந்திரி ‘கனம்’. கழக ஆட்சியில் ‘மாண்புமிகு’. ‘ஸ்ரீ’ போய் ‘திரு’ வந்தது. 2012-இல் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி, ‘மேதகு’ என்பதற்கு ஈடான ஆங்கில வழக்கை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் விட்டுவிடச் சொன்னார். நீதிமன்றத்தில் ‘மை லார்ட்’ வேண்டாம் என்று இந்திய பார் கவுன்சில் 2006-இலேயே தீர்மானித்தது. 2009-இல் நீதிபதி சந்துரு தம் நீதிமன்றத்தில் அப்படி அழைக்க வேண்டாம் என்று வக்கீல்களிடம் கேட்டுக்கொண்டார், வெள்ளித் தடியோடு முன்னால் நடக்கும் டபேதாரையும் வேண்டாம் என்றார். வக்கீல்கள் பலருக்கு வாய் வரவில்லை. 2017 மே 1 முதல் கார்களின் மேலிருந்த சிவப்புச் சுழல் விளக்குகள் நாடெங்கும் அகன்றன. அடுத்த வாரமே அதே கார்களின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர்கள் பெரிதாகின.

சொற்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்று இதிலிருந்து தெரிகிறது. அதைச் செய்யவும் வேண்டாம். அரசு இரண்டு காரியம் செய்தால் போதும். 1948-இல் அம்பேத்கர் நாடாளுமன்றத்துக்கு விட்டுவைத்த சட்டத்தை இயற்றலாம்: விருதைப் பெயரோடு சேர்ப்பவர் அதை இழப்பார் என்று பாலாஜி ராகவன் தீர்ப்பில் சொன்னதை, யாரிடம் புகார் செய்வது, யார் விசாரிப்பது என்ற விவரத்தோடு எழுதலாம். தேசியச் சின்ன விதிகளின் பத்தாவது விதியின்கீழ் ஆண்டுக்கு எத்தனை வழக்கு போட்டோம் என்று உள்துறை ஒவ்வொரு ஆண்டும் வெளியிடலாம். முதல் ஆண்டு அறிக்கையில் அந்த எண் பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை, அச்சடியுங்கள்.

பதவியையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பது நம் மண்ணுக்கு ஆகாத காரியம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ராஜாஜியின் வாழ்க்கையைக் காட்டலாம். 1950 ஜனவரி 26 வரை அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகையில் அவர்களுடைய அத்தனை மரியாதைகளோடும் இருந்தவர். அந்த ஆண்டே நேருவின் அமைச்சரவையில் ஒரு அமைச்சரானார். 1952-இல் சென்னை மாநில முதல்வரானார். படிக்கட்டில் மேலிருந்து கீழாக இறங்கி வந்தவர் அவர். ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குரியதை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அவருடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். குலக்கல்வியை மன்னிக்க நாம் தயாராக இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு போட்டி போட அவரது வாரிசுகளாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்களில்கூட யாரையும் காணோம்.

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் ஆட்சியர் அலுவலகத்தை ஒரு முறை பார்க்கவேண்டும். அது தொண்டைமான் மன்னரின் அரண்மனை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது; 1971-இல் இருபத்தாறாவது திருத்தம் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒழித்தது; 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் விட்டுக்கொடுத்த அரண்மனையில் ஆட்சியர் வந்து அமர்ந்தார். திங்கள்கிழமை தோறும் அங்கே குறைதீர் கூட்டம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிக்கொண்டு வந்தவர்கள் காலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர் முதல் வரியை யாரையும் கேட்காமலே எழுதிவிடுவார்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு. சமூகம் என்றால் ராஜ சந்நிதி.